லைஃப் வீடு அஸ்திவாரத்தோட நிக்குது, பார்க்கு பூட்டிக் கெடக்குது: ஒரு புது மெம்பரோட கேள்விக்கு பதில்

கேரளாவுல பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலூக்குல இருந்து ஒரு பஞ்சாயத்து மெம்பர் எழுதியிருக்காங்க. பேரு, வார்டு, எந்தப் பஞ்சாயத்து, எதையும் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, போடல. லெட்டர் நீளமா இருந்துச்சு, முக்கியமானத மட்டும் தர்றேன். லைஃப்ங்கறது வீடில்லாதவங்களுக்கு வீடு கட்ட கேரளா கவர்மென்ட் பணம் குடுக்கற திட்டம்.

"அய்யா வணக்கமுங்க. போன டிசம்பர் எலக்‌ஷன்ல லேடீஸ் வார்டுல நின்னு ஜெயிச்சு வந்தேன். அதுக்கு முன்னால குடும்பஸ்ரீ மகளிர் குழுவுல ஏடிஎஸ், அதாவது வார்டு லெவல் கமிட்டிக்கு செக்ரட்டரியா இருந்தேனுங்க. இப்ப வெல்ஃபேர் ஸ்டாண்டிங் கமிட்டில போட்டிருக்காங்க. என் வார்டுல லைஃப் வீடு பாஸான ஏழு பேர்ல நாலு பேரு அஸ்திவாரத்தோட நிக்கறாங்க. லிஸ்ட்ல பின்னால இருந்த ஒருத்தருக்கு முன்னாலயே அக்ரிமென்ட் வெச்சுட்டாங்கன்னும் பேச்சு. அப்பறம் பழைய கமிட்டி காலத்துல ஒரு பார்க்கு கட்டி ஓப்பன் ஜிம் போட்டாங்க, அது எப்பவும் பூட்டித்தான் கெடக்குது, சாவி ஒரு கிளப்புக்காரங்க கையில. கமிட்டில கேட்டா அது உங்க சப்ஜெக்ட் இல்லேங்கறாங்க. செக்ரட்டரி எல்லாம் ஆன்லைன்ல இருக்குன்னு முடிச்சுக்கறாரு. அஜெண்டா மலையாளத்துல வருது, நான் நல்லா பேசுவேன், படிக்கறதுன்னா எழுத்துக்கூட்டித்தான். கேள்வி கேட்டா வார்டுக்கு ஃபண்டு வராதுன்னு எங்க கட்சிக்காரங்களே சொல்றாங்க. இன்னொண்ணையும் மறைக்காம சொல்லிடறேன், அந்தக் கிளப்புல எங்க கொழுந்தனாரு டிரஷரர். நான் என்ன பண்ணட்டுமுங்க?"

அம்மணி, கடைசில எழுதுனீங்க பாருங்க, அதுல இருந்தே ஆரம்பிக்கறேன். கொழுந்தனார் விஷயத்த நீங்களாவே கமிட்டில சொல்லிடுங்க. பார்க்கு பத்திப் பேச எந்திரிச்ச உடனே, மொத வாக்கியமா, அந்தக் கிளப்புல என் வீட்டுக்காரரோட தம்பி டிரஷரர், இது மினிட்ஸ்ல ஏறட்டும்னு சொல்லிட்டு அப்பறம் விஷயத்துக்கு வாங்க. தனக்குப் பண லாபம் இருக்கற சமாச்சாரத்துல மெம்பர் ஓட்டுப் போடக் கூடாதுங்கறது சட்டம், கொழுந்தனார் கிளப்பு அதுக்குள்ள வருமா வராதான்னு வக்கீலுங்க உக்காந்து பேசட்டும், நீங்க அந்த தீர்மானம் வர்றப்ப ஓட்டுப் போடாம ஒதுங்கிக்கிட்டா யாரும் வாயத் தெறக்க முடியாது. சொல்லாம உட்டீங்கன்னா நீங்க வீட்டப் பத்திக் கேக்கற நியாயமான கேள்வியக் கூட "அவங்க கொழுந்தனார் கிளப்ப பாருங்க மொதல்ல"ன்னு ஒரே வார்த்தைல அடிச்சுடுவாங்க. வீட்ல கொஞ்சம் முறுக்கிக்குவாங்க, வாஸ்தவம். அத நீங்கதான் சமாளிக்கணும், அதுக்கு என்கிட்ட மருந்து இல்லீங்க.

அடுத்தது "உங்க சப்ஜெக்ட் இல்ல". இந்த வார்த்தைய ஆடிட்டுக்குப் போன பஞ்சாயத்துல எல்லாம் கேட்டிருக்கேன், புதுசா வர்ற லேடீஸ் மெம்பருங்கள உக்கார வெக்கறதுக்கே கண்டுபுடிச்ச மாதிரி இருக்கும். ஒரு பாதி உண்மைதான். கேரளா பஞ்சாயத்து ராஜ் சட்டம் 1994ல கிராமப் பஞ்சாயத்துக்கு நாலு ஸ்டாண்டிங் கமிட்டி, ஃபைனான்ஸ், டெவலப்மென்ட், வெல்ஃபேர், ஹெல்த்-எஜுகேஷன். வீடு கட்டறது டெவலப்மென்ட் கமிட்டிக்குப் போகுது, கலை, பொழுதுபோக்கு சமாச்சாரமெல்லாம் ஹெல்த்-எஜுகேஷன் கமிட்டிக்குப் போகுது, உங்க வெல்ஃபேருக்கு எஸ்சி எஸ்டி, பொம்பளைங்க, கொழந்தைங்க, வறுமை ஒழிப்பு, ரேஷன். இதுலயே பாருங்க, லைஃப் வீடு வாங்கற ஏழு பேர்ல எத்தனை பேரு உங்க கமிட்டி பாக்க வேண்டிய குடும்பம்? பாதிக்கு மேல இருக்கும். ஆனா அந்த வாதத்துக்கே போக வேண்டியதில்ல. ஸ்டாண்டிங் கமிட்டி விஷயத்த அலசி வெக்கற எடம்தான், முடிவெடுக்கறது பஞ்சாயத்துக் கமிட்டி, மாசம் ஒரு தடவையாவது கூடியே ஆகணும், அதுல நீங்களும் ஒரு சீட்டு. வேலை நடக்காம கெடந்தா, பஞ்சாயத்துச் சொத்து வீணாப் போனா பிரசிடென்ட்டோட கவனத்துக்குக் கொண்டு வரவும், தீர்மானம் கொண்டு வரவும், பிரசிடென்ட்டயும் ஸ்டாண்டிங் கமிட்டி சேர்மனுங்களயும் கேள்வி கேக்கவும் எல்லா மெம்பருக்கும் சட்டத்துலயே உரிமை இருக்கு. முன்கூட்டி நோட்டீஸ் குடுத்துட்டு ஆபீஸ் நேரத்துல ரெக்கார்டப் பாக்கறதும் அந்த உரிமைல ஒண்ணு. நீங்க ஆர்டிஐ போட்டு 10 ரூபா ஸ்டாம்பு ஒட்டி 30 நாள் காத்திருக்கத் தேவையில்ல, அது வெளிய இருக்கறவங்களுக்கு. நீங்க உள்ள இருக்கறவங்க.

அதனால மீட்டிங்ல எந்திரிச்சு "ஏன் வீடு நிக்குது"ன்னு வாயால கேக்கறத மொதல்ல நிறுத்துங்க. வாயால கேட்டா வாயால பதில் வரும், "பாக்கறோம் மெம்பரே"ன்னு. அத்தோட சரி. அதுக்குப் பதிலா செக்ரட்டரிக்கு ஒரு லெட்டர். என் வார்டுல லைஃப்ல அக்ரிமென்ட் வெச்ச பேருங்க, ஒவ்வொருத்தருக்கும் அக்ரிமென்ட் தேதி, எந்தெந்த ஸ்டேஜுக்கு எந்தத் தேதில எவ்வளவு பணம் அக்கவுண்டுக்குப் போச்சு, கடைசியா விஇஓ (வில்லேஜ் எக்ஸ்டென்ஷன் ஆபீசர்) சைட்டுக்கு வந்த தேதி, அப்ரூவ் ஆன லிஸ்ட்ல அவங்க சீரியல் நம்பர், இத்தனையும் ஃபைலோட பாக்கணும், இன்ன நாள் இன்ன நேரம் வர்றேன். ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போயி ஒண்ணுல தபால் செக்‌ஷன் சீல் வாங்கிக்குங்க. ஆன்லைன்ல இருக்குன்னு சொன்னார்னா சந்தோஷம், கம்ப்யூட்டர் முன்னால உக்கார வெச்சுத் தெறந்து காட்டச் சொல்லுங்க. உண்மைலயே இருக்கும், பஞ்சாயத்துலயும் 2025 ஏப்ரல்ல கே-ஸ்மார்ட்ங்கற ஆன்லைன் சிஸ்டம் வந்தாச்சு, பழைய கமிட்டித் தீர்மானமெல்லாம் சகர்மாங்கற சாஃப்ட்வேர்ல ஏத்தியிருக்காங்க, அத பொதுஜனமே பாக்கலாம். இருக்குதுங்கறது பதில் கெடையாது, காட்டறதுதான் பதில்.

ஃபைலு கையில வந்ததும் என்ன பாக்கறதுன்னு சொல்றேன், ஏன்னா மொத தடவை பாக்கறவங்களுக்கு எல்லாப் பேப்பரும் ஒரே மாதிரிதான் தெரியும். லைஃப்ல பொதுவா ஒரு வீட்டுக்கு 4 லட்சம், ஒரே அடியா வராது, அக்ரிமென்ட் வெச்சா கொஞ்சம், அஸ்திவாரம் முடிஞ்சா, லிண்டில் வந்தா, ஃபினிஷிங் ஆனா, இப்படி ஸ்டேஜ் ஸ்டேஜா. ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் விஇஓ வந்து பாத்து போட்டோ எடுத்து எழுதணும், அதுக்கப்பறம்தான் பணம். அப்ப ஒரு வீட்டுக்கு மூணு தேதி இருக்கு பாருங்க. வீட்டுக்காரங்க அஸ்திவாரம் முடிச்சுட்டோம்னு சொன்ன தேதி, விஇஓ வந்து போட்டோ எடுத்த தேதி, பணம் ஏறுன தேதி. ஒரு நோட்டுல கோடு போட்டு நாலு வீட்டுக்கும் இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. சொன்னதுக்கும் விஇஓ வந்ததுக்கும் நடுவுல ரெண்டு மாசம் ஓடியிருந்தா ஆள் பத்தல, இல்லாட்டி ஆளுக்கு மனசில்ல, அது ஆபீஸ்ல கேக்க வேண்டிய கேள்வி. விஇஓ வந்துட்டாரு, எழுதிட்டாரு, பணம் மட்டும் வரலேன்னா அது பஞ்சாயத்துக்கும் மேல, ஏன்னா அந்த 4 லட்சத்துல கவர்மென்ட் பங்கு, பஞ்சாயத்தோட பிளான் ஃபண்டு, ஹட்கோ லோன்னு பல கை சேருது, பிஎம்ஏஒய்ங்கற சென்ட்ரல் வீட்டுத் திட்டத்துல சேந்த வீடுன்னா சென்ட்ரல் பங்கு 72,000, இதுல ஏதோ ஒரு கை நின்னா வீடு நிக்கும். போட்டோவே இல்ல, பணம் மட்டும் போயிருக்குன்னா நோட்ட மூடிட்டு அந்த பேப்பர காப்பி கேளுங்க, அது வேற கதை.

நாலாவதா ஒண்ணு இருக்கு, அதுக்கு ஆபீஸக் குத்தம் சொல்லி பிரயோஜனமில்ல. லைஃப் வீடுன்னா 400 சதுர அடி கணக்கு. நம்ம ஆளுங்க அதக் கேக்கறதில்ல. பொண்ணு கல்யாணம் வருது, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா உக்கார எடம் வேணும், ஒரு ரூம் சேத்து இழுத்துடலாம்னு அஸ்திவாரத்த 700, 800க்கு போட்டுடறாங்க. கல்லு, எம்சாண்டு, மேஸ்திரி கூலி எல்லாம் அஸ்திவாரத்துலயே தின்னுடுது, அப்பறம் நகைய அடகு வெச்சு லிண்டில் வரைக்கும் வந்தா பெரிய விஷயம். பார்டர்ல இருக்கற நமக்கு பொள்ளாச்சில இருந்து மேஸ்திரி வருவாரு, அவரு அந்தப் பக்க ரேட்டுல பேசி இந்தப் பக்க ரேட்டுல முடிப்பாரு, அது தனி. நான் என்ன சொல்றேன்னா கமிட்டில கேள்வி கேக்கறதுக்கு முன்னால அந்த நாலு அஸ்திவாரத்துக்கும் ஒரு டேப்ப எடுத்துட்டு நீங்களே போயிட்டு வாங்க. நீளம் அகலம் அளந்து எழுதுங்க, குடும்பஸ்ரீல கணக்கு எழுதுன கை உங்களுது, இது பெரிசில்ல. அளவு சரியா இருந்து பணம் வராம நின்னா உங்க கேள்வி கல்லு மாதிரி நிக்கும். அளவு கூடியிருந்தா அத அந்தக் குடும்பத்துக்கிட்ட மொதல்ல பேசுங்க, கமிட்டில அவங்க மானத்தக் கப்பலேத்தாதீங்க, அங்க ஓவர்சியர் எந்திரிச்சு அளவச் சொல்லி உங்கள மடக்குனா அடுத்த ஆறு மாசத்துக்கு உங்க பேச்சு எடுபடாது.

இன்னொரு காரணமும் நம்ம பக்கம் நெறைய. எடம் டேட்டா பேங்க்ல, அதாவது வயல் நிலங்களோட கவர்மென்ட் லிஸ்ட்ல, வயல்னு கெடக்கும். எத்தனையோ வருஷமா அங்க நெல்லே போடல, தென்னைதான் நிக்குதுன்னு அவங்க சொல்வாங்க, ஆனா ரெக்கார்டுல வயல். 2008 வயல் பாதுகாப்புச் சட்டத்துல இதுக்கு வழி இருக்கு. வேற வீடு கட்டத் தோதான எடம் இல்லாதவங்களுக்கு பஞ்சாயத்துப் பகுதில 4.04 ஏர்ஸ், அதாவது 10 சென்ட் வரைக்கும் சொந்த வீட்டுக்கு அனுமதி கேக்கலாம். அந்த அபேட்சைய, அதாவது விண்ணப்பத்த, பாத்து சிபாரிசு பண்ற லோக்கல் மானிட்டரிங் கமிட்டிக்கு சேர்மன் யாருன்னு நெனைக்கிறீங்க? உங்க பஞ்சாயத்து பிரசிடென்ட்டேதான். கன்வீனர் கிருஷி பவன் (விவசாய ஆபீஸ்) ஆபீசர், வில்லேஜ் ஆபீசரும் மெம்பர். ஆக உங்க நாலு பேர்ல ஒருத்தருக்கு இதான் சிக்கல்னா "அந்த கமிட்டி கடைசியா எப்பக் கூடுச்சு, எத்தனை அபேட்சை பெண்டிங்"னு பிரசிடென்ட்டையே கேக்கலாம், அதுக்கு "உங்க சப்ஜெக்ட் இல்ல"ன்னு சொல்ல முடியாது.

இப்ப அந்த லிஸ்ட்டுக்கு வர்றேன், இதத்தான் நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிறேன். பின்னால இருந்தவருக்கு முன்னால அக்ரிமென்ட் வெச்சது தப்பாவும் இருக்கலாம், தப்பு இல்லாமலும் இருக்கலாம். எஸ்சி, எஸ்டி, மீனவர், ஜெனரல்னு லிஸ்ட் தனித்தனி, பூமி இருக்கறவங்க லிஸ்ட் தனி, பூமியும் இல்லாதவங்க லிஸ்ட் தனி, அதனால ஒருத்தர் நம்பர் 40, இன்னொருத்தர் நம்பர் 12ன்னா உடனே ஊழல்னு கத்திடாதீங்க, ரெண்டும் ஒரே லிஸ்டான்னு பாருங்க. ஆதாரப் பேப்பர் குடுக்க லேட் பண்ணுனவங்களத் தாண்டிப் போயிருப்பாங்க, அதுக்கு ஃபைல்ல ஒரு நோட்டு இருக்கணும். ஒரே லிஸ்ட், ஒரே கேட்டகரி, நோட்டும் இல்ல, அப்படின்னாத்தான் கேள்வி. அந்தக் கேள்விய எங்க கேக்கறதுன்னா, கிராமசபைல.

தனித்தனி ஆளுக்குக் குடுக்கற திட்டங்களுக்கு முன்னுரிமை லிஸ்ட்ட முடிவு பண்றது கிராமசபை, அந்த வரிசைய மாத்தறதுக்கு பஞ்சாயத்துக் கமிட்டிக்கே அதிகாரம் இல்ல. சட்டம் அப்படித்தான் சொல்லுது. ஆனா நெறைய வார்டுல நடக்கறது என்ன, அங்கன்வாடில நாலு சேர் போட்டு, தொழிலுறப்புல, அதான் நூறு நாள் வேலைல, இருக்கறவங்கள அப்படியே கூட்டிட்டு வந்து கையெழுத்து வாங்கி, சாயா குடிச்சுட்டு கலைஞ்சு போறாங்க, லிஸ்ட்ட யாரும் வாசிக்கறதில்ல. உங்க வார்டு கிராமசபைக்கு கன்வீனர் நீங்கதான் அம்மணி. மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூட்டணும், அடுத்தடுத்து ரெண்டு தடவை கூட்டாம உட்டா மெம்பர் பதவியே போயிடும், அந்த அளவுக்கு சட்டம் அத உங்க தலைல கட்டியிருக்கு. கோரம் வோட்டர்ல 10 சதவீதம். உங்க வார்டுல 1,200 ஓட்டுன்னு வெச்சா 120 பேரு வரணும். வரமாட்டாங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. வீட்டு லிஸ்ட்ட சத்தமா வாசிக்கப் போறோம்னு முன்னாலயே குடும்பஸ்ரீ கூட்டத்துல ஒரு வார்த்தை உட்டுப் பாருங்க, எடம் பத்தாது.

அந்தக் கூட்டத்துல என்ன பண்ணணும்னா, லிஸ்ட்ட நம்பர், பேரு, இப்ப எந்த ஸ்டேஜ்னு தமிழ்ல வாசிங்க. ஆருக்குப் பணம் நின்னுச்சோ அவங்கள எந்திரிச்சு தேதி சொல்லச் சொல்லுங்க. உங்களுக்கு ஒதுக்குன கோஆர்டினேட்டர் ஆபீசர் மினிட்ஸ் எழுதுவாரு, கூட்டம் கலையறதுக்கு முன்னால அத வாசிச்சுக் காட்டச் சொல்லி, விட்டுப் போனத சேக்கச் சொல்லி, அப்பறம் கையெழுத்துப் போடுங்க. கிராமசபை தீர்மானம் பஞ்சாயத்துக்கு வந்துட்டா அது ஒரு மெம்பரோட புலம்பல் இல்ல, பஞ்சாயத்து பதில் சொல்லியே ஆகணும். கமிட்டில பதினாலு பதினஞ்சு பேருக்கு நடுவுல நீங்க ஒருத்தர். கிராமசபைல உங்களுக்குப் பின்னால நூத்திச் சொச்சம் பேரு. எதுல பலம்னு உங்களுக்கே தெரியும்.

மலையாளம் படிக்கறதப் பத்தி கூச்சப்படாதீங்க. சித்தூர் அந்தக் காலத்துல கொச்சி ராஜ்யம், 1956ல மாநிலம் பிரிச்சப்பவும் நாம இருந்த எடத்துலயே இருந்தோம், பாஷையும் அப்படியே இருக்கு. கேரளா ஆட்சிமொழிச் சட்டம் 1969லயே தமிழ், கன்னட சிறுபான்மைக்காரங்க அந்தந்தப் பகுதி ஆபீஸுக்கு தங்க பாஷைல எழுதலாம், பதிலும் அதே பாஷைல வரணும்னு இருக்கு. அதனால உங்க லெட்டரெல்லாம் தமிழ்லயே எழுதுங்க. கிராமசபை நோட்டீஸ தமிழ்லயும் அடிக்கச் சொல்லி தீர்மானம் கொண்டு வாங்க, அதுக்கு யாரும் எதிர்ப்பு சொல்ல மாட்டாங்க, சொன்னா அடுத்த எலக்‌ஷன்ல அவங்களுக்குத்தான் கஷ்டம். அதே சமயம் கமிட்டி அஜெண்டா தமிழ்ல வர்ற வரைக்கும் சண்டை போட்டுட்டு உக்காந்திருக்காதீங்க. நோட்டீஸ் மூணு நாளைக்கு முன்னாலயாவது கைக்கு வந்துடும், பத்தாங்கிளாஸ் படிக்கற புள்ளைங்க உங்க தெருவுல மலையாளம் மீடியத்துல இருக்கும், ஒண்ணக் கூப்புட்டு வாசிக்கச் சொல்லி ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பக்கத்துல தமிழ்ல ஒரு வரி எழுதிக்குங்க. ஆறு மாசத்துல எழுத்துக்கூட்டறது போயிடும். திருச்சூர் பக்கம் முளங்குன்னத்துகாவுல கிலான்னு ட்ரெயினிங் சென்டர் இருக்கே, மெம்பருங்களுக்கு கிளாஸ் நடத்துவாங்க, லெட்டர் வந்தா தட்டிக்கழிக்காம போயிட்டு வாங்க, சாப்பாடும் நல்லா இருக்கும், மத்த பஞ்சாயத்து லேடீஸ் மெம்பருங்க நம்பரும் கெடைக்கும், அந்த நம்பருங்கதான் பின்னால உதவும். தெரியாத பேப்பர்ல மட்டும் கையெழுத்துப் போடாதீங்க. புடிக்காத தீர்மானம்னா எனக்கு விருப்பமில்லேன்னு மீட்டிங்லயே சொல்லி, கையோட எழுதியும் குடுத்துடுங்க.

பார்க்கு விஷயம். இதுல சண்டைய சாவில இருந்து ஆரம்பிக்காதீங்க, ரிஜிஸ்டர்ல இருந்து ஆரம்பிங்க. பஞ்சாயத்துல ஆஸ்தி ரிஜிஸ்டர்னு ஒண்ணு இருக்கும், பஞ்சாயத்துக்குச் சொந்தமான ரோடு, கட்டடம், கிணறு, கிரவுண்டு எல்லாம் அதுல. உங்க பார்க்கு அதுல ஏறியிருக்கா? ஏறலேன்னா அதுக்கு மெயின்டனன்ஸ் ஃபண்டுல பணம் எழுதவே வழி இல்ல, அப்ப அந்த நடக்கற மெஷினோட பேரிங் போனா யாரும் மாத்த மாட்டாங்க, ஊஞ்சல் செயின் அறுந்தா அறுந்ததுதான். நெறைய எடத்துல இதான் கதை, எம்எல்ஏ ஃபண்டு, ஸ்பான்சர், அந்தத் திட்டம் இந்தத் திட்டம்னு ஏதோ ஒண்ணுல கட்டி, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, பஞ்சாயத்துக்கு முறையா ஒப்படைக்காம உட்டுருவாங்க. அப்பறம் கரண்டு பில்லு யாரு கட்டறதுன்னு தெரியாம ஃபியூஸ புடுங்கிடுவாங்க, இருட்டாச்சுன்னா தண்ணியடிக்கறவங்க வருவாங்க, அதத் தடுக்கத்தான் பூட்டுனோம்னு கிளப்புக்காரங்க சொல்வாங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கலாமுங்க, உங்க கொழுந்தனாருக்காக சொல்லல. தன் கைக்காசுல பூட்டு வாங்கிப் போட்ட கிளப்புங்களையும் பாத்திருக்கேன், பஞ்சாயத்துக் கட்டடத்துல கல்யாணத்துக்கு வாடகை வாங்கி பாக்கெட்டுல போட்ட கிளப்புங்களையும் பாத்திருக்கேன்.

அதனால மூணே கேள்வி, எழுத்துல. கிளப்புக்கும் பஞ்சாயத்துக்கும் அக்ரிமென்ட் இருக்கா, இருந்தா எத்தனை வருஷத்துக்கு. பார்க்குல ஏதாவது வசூல் நடக்குதா, ஷட்டில் கோர்ட்டு ஃபீஸோ ஃபங்ஷன் வாடகையோ, நடந்தா ரசீது யாரோடது, பணம் பஞ்சாயத்து அக்கவுண்டுக்கு வருதா. திறக்கற நேரம் என்ன, அத முடிவு பண்ணுனது எந்த தீர்மானம். மூணுக்கும் "இல்ல"ன்னு பதில் வந்தா, அக்ரிமென்ட் போடுங்கன்னு நீங்களே கேளுங்க, காலைல 5 மணில இருந்து 8, சாயங்காலம் 4ல இருந்து 8னு நேரம் எழுதி, சாவில ஒரு செட்டு பஞ்சாயத்துல, ஒரு செட்டு குடும்பஸ்ரீ ஏடிஎஸ்ல. பொம்பளைங்க நடக்கற நேரத்துல பொம்பளைங்க கையில சாவி இருக்கறது நல்லது. கிளப்ப வெரட்டணும்னு இல்ல, அவங்கள கணக்குக்குள்ள கொண்டு வந்தாப் போதும்.

பார்க்கோட நிக்காதீங்க. வீட்டுக் கரம், அதான் வீட்டு வரி, கட்டறப்ப அதுமேல 5 சதவீதம் லைப்ரரி செஸ்னு எல்லாரும் கட்டறோம், ரசீத எடுத்துப் பாருங்க. பஞ்சாயத்து வசூல் பண்ணி லைப்ரரி கவுன்சிலுக்குக் குடுக்கணும். வசூலானது எவ்வளவு, குடுத்தது எவ்வளவு, நம்ம ஊரு வாசகசாலைல தமிழ் புஸ்தகம் எத்தனை, தமிழ் பேப்பர் வருதான்னு கேட்டுப் பாருங்க. பகல் வீடுன்னு வயசானவங்களுக்குக் கட்டி வெச்சிருந்தா அதுவும் தெறந்திருக்கான்னு ஒரு மத்தியானம் போயிப் பாருங்க.

ஃபண்டு வராதுங்கற மெரட்டல். வார்டுக்கு இவ்வளவுன்னு பங்கு போட்டுக்கறது நம்ம பஞ்சாயத்துங்கள்ல வழக்கம்தான், ஆனா சட்டத்துல அப்படி ஒரு பங்கு கெடையாது. கிராமசபைல பேசி, டெவலப்மென்ட் செமினார்ல வெச்சு, கமிட்டி பாஸ் பண்ணி, ஜில்லா பிளானிங் கமிட்டிக்குப் போற பிளான்தான் இருக்கு. உங்க வார்டு வேலைய யாராவது வெட்டுனா எந்த எடத்துல வெட்டுனாங்கன்னு பேப்பர்ல தெரியும், அதனால ஒவ்வொரு எடத்துலயும் உங்க கிராமசபை தீர்மானத்தோட காப்பி கையில இருக்கட்டும். பயப்படறதுக்கு முன்னால பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்த நெனைச்சுக்குங்க. பிளாச்சிமடைல கோகோ கோலா பேக்டரிக்கு 2003 ஏப்ரல்ல லைசென்ஸப் புதுப்பிக்க மாட்டேன்னு சொன்னது மந்திரி இல்ல, கலெக்டர் இல்ல, ஒரு கிராமப் பஞ்சாயத்துக் கமிட்டி. வெளிய எஸ்டி ஜனங்க உக்காந்து போராடுனாங்க, உள்ள கமிட்டி தீர்மானம் போட்டுச்சு, ஹைகோர்ட்டு வரைக்கும் இழுத்தாங்க, 2004 மார்ச்சுல நின்ன பேக்டரி அப்பறம் ஓடல. அவங்களுக்கு இருந்த அதே சட்டம்தான் உங்களுக்கும்.

இவ்வளவும் பண்ணி ஒண்ணும் நகரலேன்னா மேல போக எடம் இருக்கு. ஸ்டேட் ஆடிட் ரிப்போர்ட்ட வாங்கிப் படிங்க, பழைய வருஷ ரிப்போர்ட்ல உங்க பார்க்கப் பத்தியும் வீட்டப் பத்தியும் ஏற்கெனவே ஆட்சேபணை எழுதியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன், அத கமிட்டில வெச்சு பதில் எழுதணும், நெறைய பஞ்சாயத்துல வருஷக்கணக்கா பதிலே எழுதாம கெடக்கும். அதுக்கும் மேலன்னா திருவனந்தபுரத்துல ஓம்புட்ஸ்மேன், ஹைகோர்ட்டு ஜட்ஜா இருந்தவர் உக்கார்ற எடம், லோக்கல் பாடில நடக்கற முறைகேட விசாரிக்கறதுக்குன்னே இருக்கு. ஆனா அங்க போறதுக்கு மொத லெட்டர், சீல், தேதி எல்லாம் வேணும், அதுக்குத்தான் ஆரம்பத்துலயே சீல் வாங்கச் சொன்னேன். கட்சி குரூப் சண்டைக்கு அந்தக் கதவத் தட்டாதீங்க.

இப்ப எதுல இருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டீங்கன்னா அளக்கற டேப்பு. இந்த ஞாயித்துக்கிழமை நாலு அஸ்திவாரத்தையும் அளந்துட்டு, திங்கக்கிழமை செக்ரட்டரிக்கு லெட்டர் குடுங்க. நாலு பேர்ல யாருக்காவது டேட்டா பேங்க் சிக்கல்னா சர்வே நம்பரோட எனக்கும் எழுதுங்க, அந்த அபேட்சைக்கு என்னென்ன பேப்பர் சேக்கணும்னு தனியா எழுதி அனுப்பறேன்.